ஈட்டி செய்யவும் எறியவும்: தண்டிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்ப்பதெல்லாம் ஈட்டியின் முனைதான். கல்லும் வெண்கலமும் இரும்பும் மண்ணுக்குள் கிடந்து தப்பிவிடும், மரம் மக்கிப்போகும். அதனாலேயே ஈட்டி என்றால் கூர்முனை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்களும் முனையில்தான் தொடங்குகிறார்கள். பாடுபட்டு ஒரு முனையைச் செய்து, கையில் அகப்பட்ட கம்பில் கட்டி எறிகிறார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் விழுகிறது. ஒரு வாரத்தில் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

நான் தண்டிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு வளைகிறது, நார் எப்படி ஓடுகிறது என்ற மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் வெறும் மரமுனையே போதும். மனிதர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படித்தான் வேட்டையாடியிருக்கிறார்கள்.

படி 1: எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறீர்கள்?

கத்தியை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். கையை விட்டு நீங்காமல் குத்தும் ஈட்டி வேறு, கையை விட்டுப் பறக்கும் ஈட்டி வேறு. குத்தீட்டி கனமாக இருக்கலாம். முனை எதிர்ப்பைச் சந்திக்கும் நேரத்திலும் உங்கள் தோளும் இடுப்பும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். எறியீட்டிக்கு அந்தத் துணை கிடையாது. கையை விட்ட நொடியில் கொடுத்த வேகம் எவ்வளவோ, அதுதான் அதன் மொத்தக் கையிருப்பு.

ஒரு சின்னக் கணக்கு. 800 கிராம் எடையுள்ள ஈட்டி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 90 ஜூல். எடையைப் பாதியாக்கிவிட்டு அதே ஆற்றல் வேண்டுமென்றால் வேகம் 21 மீட்டருக்கு மேல் போக வேண்டும். எடை குறையக் குறையக் கை எல்லையில்லாமல் வேகமெடுக்காது; ஒரு கட்டத்துக்குக் கீழே எவ்வளவு இலேசான குச்சியை எறிந்தாலும் கை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வீசும். ரொம்பக் கனமாக இருந்தாலோ வீச்சே மந்தமாகிவிடும். இரண்டுக்கும் நடுவில், 700 முதல் 900 கிராம் வரையில், கைக்கு ஒத்துவரும் இடம் ஒன்று இருக்கிறது. இன்றைய ஆண்கள் போட்டி ஈட்டியும் 800 கிராம்தான்.

பழைய சான்றுகளில் இரண்டு வகையுமே கிடைத்திருக்கின்றன. ஜெர்மனியின் லேரிங்கனில் 1948இல் யானை இனம் ஒன்றின் எலும்புகளோடு 2.38 மீட்டர் நீளமான யூ மர ஈட்டி கிடைத்தது. வயது ஏறத்தாழ 1,20,000 ஆண்டு. அதே காலத்தைச் சேர்ந்த நாய்மார்க்-நோர்ட் என்ற இடத்தில் கிடைத்த மான் எலும்புகளில் ஈட்டி துளைத்த ஓட்டைகள் இருக்கின்றன. அப்படி ஒரு ஓட்டை விழ ஈட்டி எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் வந்திருக்க வேண்டும் என்று சோதித்துப் பார்த்தவர்கள் 2018இல் முடிவை வெளியிட்டார்கள்: அது அருகில் நின்று, கீழிருந்து குத்தியது. நியாண்டர்தால் மனிதர் மான் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அந்த நெருக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இனி இந்த வழிகாட்டியில் எறியீட்டியைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்குக் குத்தீட்டி எளிது. மறுதலையாகச் சொல்ல முடியாது.

படி 2: மரம்

வழிகாட்டியிலேயே மிக முக்கியமான படி இது. இதற்கு ஆசான் யார் என்றால், ஜெர்மனியின் ஷோனிங்கன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1990களில் ஹார்ட்முட் டீமே குழுவினர் தோண்டியெடுத்த மர ஈட்டிகள். குதிரை எலும்புகள் குவிந்துகிடந்த ஒரு பழைய ஏரிக்கரையில் அவை கிடந்தன. வயது சுமார் 3 லட்சம் ஆண்டு என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. 2025இல் வெளிவந்த மறுகணிப்பு அதை 2 லட்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. எதை ஏற்றாலும், அவற்றைச் செய்த கைகள் நம் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. நீளம் பெரும்பாலும் 2 மீட்டரைத் தாண்டும். மிக நீளமானது 2.5 மீட்டர். ஒன்றைத் தவிர மற்றவை ஸ்ப்ரூஸ் மரம், அந்த ஒன்று பைன்.

அந்தத் தச்சர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில், பெரிய மரத்தைப் பிளந்து எடுக்கவில்லை. ஒரு மெல்லிய இளமரத்தையே முழுதாக ஓர் ஈட்டியாக்கினார்கள். அப்படிச் செய்தால் நார் தலையிலிருந்து வால் வரை அறுபடாமல் ஓடும். அடுத்து, மெதுவாக வளர்ந்த மரமாகப் பார்த்து எடுத்தார்கள். குளிரில் மெல்ல வளர்ந்த மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருங்கியிருக்கும். மரம் கெட்டியாக இருக்கும். மூன்றாவது, ஈட்டியின் முனையை மரத்தின் அடிப்பக்கத்தில் வைத்தார்கள். வேர்ப்பக்கத்து மரம்தான் வைரம் பாய்ந்தது. நான்காவது முடிவைப் படித்த அன்று நான் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மரத்தின் நடுவில் மென்மையான சோற்றுப்பகுதி ஓடுமல்லவா? கூர்முனை அதன்மேல் அமையாமல் சற்று விலகி இருக்கும்படி சீவியிருக்கிறார்கள். நடுவில் சீவினால் கூர்மையின் உச்சியே மரத்தின் பலவீனமான இடமாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதையே உங்கள் செய்முறையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

- அடிப்பக்கம் 4 செ.மீ. அளவு தடிமனுள்ள, நேரான, கணு குறைந்த இளமரம் அல்லது தடித்த கிளையைத் தேடுங்கள். உரிய அனுமதியோடு வெட்டுங்கள். தேவையான நீளத்தைவிட இரண்டு சாண் கூடுதலாக இருக்கட்டும். காயும்போது நுனிகள் வெடிக்கும்.
- பட்டை பச்சையாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். இரண்டு வெட்டுமுகத்திலும் மெழுகு பூசுங்கள்.
- நிழலில், நேரான பலகையோடு சேர்த்துக் கட்டிக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நெடுகப் பிளக்கும். சில வாரங்கள் பொறுமை வேண்டும்.

இளமரம் கிடைக்காவிட்டால் பெரிய மரத்துண்டை ஆப்பு அடித்துப் பிளந்து எடுக்கலாம். ரம்பத்தால் அறுத்த பலகையிலிருந்து எடுக்காதீர்கள். ரம்பம் தன் போக்கில் போகும். நார் தன் போக்கில் போகும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் தண்டு முறியும், அதுவும் சாய்வாக, சிலாம்பு நீட்டிக்கொண்டு. ஆப்பு எப்போதும் நாரோடுதான் பிளக்கும்.

எந்த மரம்? எடை குறைவாக, ஆனால் அதிர்ச்சியைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் யூ, ஸ்ப்ரூஸ், ஆஷ், கார்னெல் போன்றவை பயன்பட்டன. இங்கிலாந்தின் கிளாக்டனில் 1911இல் கிடைத்த, சுமார் 4 லட்சம் ஆண்டு பழைய முனைத்துண்டும் யூ மரம்தான். உங்கள் பகுதியில் கோடரிக்கும் மண்வெட்டிக்கும் எந்த மரத்தில் காம்பு போடுகிறார்களோ அதைக் கேட்டு எடுங்கள். திரும்பத் திரும்ப அடி வாங்குவதில் அந்தக் காம்பும் ஈட்டித்தண்டும் உறவுக்காரர்கள்.

படி 3: இழைத்தல், நேராக்குதல், நெருப்பு

பட்டை உரித்த தண்டை முதலில் கண்ணோடு வைத்து நீளவாக்கில் பாருங்கள். வளைந்த இடத்தில் கரியால் குறியிடுங்கள். தணல்மீது (சுவாலையில் வேண்டாம்) அந்த இடத்தைக் கை வைக்க முடியாத சூடு வரும்வரை உருட்டி உருட்டிக் காட்டி, எதிர்ப்பக்கம் சற்றுக் கூடுதலாகவே வளைத்து, ஆறும்வரை விடாமல் பிடித்திருங்கள். சூட்டில் மரநாரை ஒட்டவைத்திருக்கும் பசைப்பொருள் இளகும். ஆறியதும் புது வடிவில் இறுகும். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும்.

பிறகு கத்தியாலோ இழைப்புளியாலோ சீவுங்கள். முழு நீளமும் ஒரே தடிமனாகச் சீவிவிடாதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில். கணுக்கள் இருக்கும் இடத்தை வழுவழுப்பாக்குங்கள், ஆனால் ஆழமாகத் தோண்ட வேண்டாம்.

மரமுனையை நெருப்பில் காட்டினால் இரும்புபோல் ஆகிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. 2016இல் வெளியான ஒரு சோதனை இதை அளந்து பார்த்தது. கருக்கிய மரம் சற்றுக் கடினமாகிறது என்பது உண்மை. ஆனால் எளிதில் நொறுங்கக்கூடியதாகவும் ஆகிவிடுகிறது. அப்படியானால் எதற்காக நெருப்பு? கருகிய மரத்தைக் கல்லால் சுரண்டிக் கூராக்குவது பச்சை மரத்தைச் சீவுவதைவிட வெகு சுலபம். உங்களிடம் கத்தி இருந்தால் நெருப்பு கட்டாயமில்லை. காட்டுவதானால் பழுப்பு நிறம் வரும்வரை போதும்.

படி 4: எடையை முன்னே கொண்டுவருதல்

தண்டை ஒரு விரலின்மேல் படுக்கவைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அது நட்டநடுவில் இருந்தால் உங்கள் ஈட்டி இன்னும் கம்புதான்.

பறக்கும்போது காற்று ஈட்டியின் முழு நீளத்தையும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலின் மொத்த விளைவு ஓரிடத்தில் குவிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எடையின் மையம் அந்த இடத்துக்கு முன்னால் இருந்தால், வால் எந்தப் பக்கம் விலகினாலும் காற்றே அதைத் திரும்ப வரிசைக்குள் தள்ளிவிடும். எடை பின்னால் இருந்தால் விலகல் கூடிக்கொண்டே போகும். ஈட்டி குறுக்கே திரும்பி விழும்.

இதற்கு விளையாட்டுலகில் ஒரு நல்ல சாட்சி உண்டு. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஈட்டி வீரர் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். மைதானமே போதாத நிலை. அதோடு அந்தக் கால ஈட்டிகள் மிதந்துபோய்த் தட்டையாக விழுந்ததால் முனை குத்தியதா என்பதிலேயே தகராறு. 1986இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 செ.மீ. முன்னே நகர்த்தினார்கள். தூரம் குறைந்தது; முனை ஒழுங்காகத் தலைகுனிந்து குத்தத் தொடங்கியது. வெறும் 4 செ.மீ.!

ஷோனிங்கன் ஈட்டிகளில் பல, முன்பக்க மூன்றிலொரு பாகத்தில்தான் தடிமனாக இருக்கின்றன. வால்பக்கம் மெலிந்துகொண்டே போகிறது. மரத்தின் அடிப்பாகத்தை முனையாக வைத்ததன் இன்னொரு பலன் இது. கெட்டியும் கிடைத்தது, முன்பாரமும் கிடைத்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். 2.2 மீட்டர் தண்டு என்றால் முனையிலிருந்து 60, 70 செ.மீ. தொலைவில் 3 செ.மீ. தடிமன் இருக்கட்டும், அங்கிருந்து வால்வரை சிறிது சிறிதாகக் குறைந்து 2 செ.மீ.க்கு வரட்டும். சமநிலைப் புள்ளி முனையிலிருந்து 90 முதல் 100 செ.மீ.க்குள் விழுந்தால் நல்லது. சீவும்போது வாலில் கொஞ்சம், விரலில் வைத்துப் பார், மறுபடி கொஞ்சம் என்று போங்கள். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

படி 5: முனை

இப்போதுதான் முனைக்கு வருகிறோம். நான்கு வழிகள் உண்டு.

மரமுனையே முதல் வழி. 15, 20 செ.மீ. நீளத்துக்கு மெல்லக் குறுகும்படி, சோற்றுப்பகுதியைத் தவிர்த்துச் சீவுங்கள். ஊசிபோல் நீட்ட வேண்டாம். முதல் எறியிலேயே நுனி மடங்கும். பயிற்சிக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

கல்முனை நன்றாக அறுக்கும். சிரியாவின் உம்-எல்-தெலில் ஒரு காட்டுக்கழுதையின் கழுத்தெலும்புக்குள் கல்முனை பதிந்தபடியே கிடைத்திருக்கிறது. ஆனால் கல்லுக்கு வளையத் தெரியாது. எலும்பிலோ தரையிலோ பட்டால் உடையும். எலும்பு, மான்கொம்பு முனைகள் இதற்கு நேர்மாறு: அறுப்பது குறைவு, தாங்குவது அதிகம். அவற்றின் ஓரத்தில் பள்ளம் வெட்டிச் சிறு கல்லலகுகளைப் பிசினால் பதித்தவர்கள் இரண்டின் நன்மையையும் ஒரே முனையில் சேர்த்துவிட்டார்கள்.

உலோகம் வந்தபோது பெரிதாக மாறியது கூர்மை என்று நான் நினைக்கவில்லை. முனையும் தண்டும் சேரும் இடம்தான் மாறியது. வெண்கலத்தை உருக்கி இரட்டை அச்சில் ஊற்றும்போது நடுவில் ஒரு களிமண் திணிவை வைத்தால், ஆறியபின் அது இருந்த இடம் குழலாகக் கிடைக்கும். தண்டு அந்தக் குழலுக்குள் நுழைந்துகொள்ளும். அதுவரை தண்டைப் பிளந்து முனையைச் செருக வேண்டியிருந்தது. இப்போது உலோகம் தண்டைச் சுற்றிப் பூண்போல் இறுக்குகிறது. இரும்புக் கொல்லர்களுக்கு ஊற்றும் வழி இல்லை. அவர்கள் முனையின் அடிப்பாகத்தை விசிறிபோல் தட்டி விரித்து, சூட்டோடு சுருட்டிக் குழலாக்கினார்கள். பல பழைய இரும்பு ஈட்டிமுனைகளில் அந்தச் சுருட்டல் சேரும் இடைவெளியை இன்றும் பார்க்கலாம். குழலின் பக்கத்தில் ஒரு துளை, அதில் ஓர் ஆணி, முனை கழலாது.

இலை அகலமா, ஒடுக்கமா? அகன்ற இலை பெரிய காயத்தை உண்டாக்கும்; வேட்டையில் விலங்கு விரைவில் விழ அது வேண்டும். ஒடுங்கிய, நாற்பட்டை முனை கவசத்தையும் கேடயத்தையும் துளைக்கும். முனையைப் பார்த்தே எதிரே நின்றது தோலா இரும்பா என்று ஓரளவு சொல்லிவிடலாம். காட்டுப்பன்றி ஈட்டிகளில் இலைக்குக் கீழே ஒரு குறுக்குக்கட்டை இருக்கும். குத்துப்பட்ட பன்றி தண்டின் வழியே ஏறிவந்து வேட்டைக்காரரைக் கிழித்துவிடாமல் தடுப்பதற்கு.

படி 6: கட்டு

கல்முனையோ எலும்புமுனையோ கட்டுகிறவர்களுக்கு இந்தப் படி. தண்டின் நுனியில் பிளவு வெட்டுவதற்கு முன்பே அதன் கீழே நாரைச் சுற்றி இறுக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் பிளவு ஓடிக்கொண்டே போகும். பிசினை மெதுவான சூட்டில் இளக்குங்கள். மூன்று பங்கு பிசினுக்கு ஒரு பங்கு நன்றாகப் பொடித்த கரித்தூள், நொறுங்காமலிருக்கச் சிறிது தேன்மெழுகு. வெறும் பிசின் கண்ணாடிபோல் உடையும். தூள் சேர்ந்தால்தான் தாங்கும். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன்பே மரப்பிசினோடு காவிக்கல் தூளைக் கலந்து பசை செய்திருக்கிறார்கள். இரண்டு பொருளைக் கலந்து, சூடாக்கி, மூன்றாவதான ஒரு குணத்தை வரவழைப்பதென்றால் மனதுக்குள் முன்கூட்டியே ஒரு திட்டம் இருந்திருக்க வேண்டும்.

பிசின்மேல் விலங்கின் தசைநாணை நனைத்துச் சுற்றுங்கள். காயும்போது அது தானாகவே சுருங்கி இறுகும். நாண் கிடைக்காதவர்கள் மெழுகூட்டிய சணல் நூலைப் பயன்படுத்தலாம். கட்டு தண்டைவிடப் புடைத்து நின்றால் ஈட்டி உள்ளே போகாமல் அங்கேயே முட்டி நிற்கும். அதனால் கட்டும் இடத்தை முன்பே கொஞ்சம் சீவி ஒடுக்கிக்கொள்ளுங்கள். முனை சேர்த்த பிறகு சமநிலைப் புள்ளியை மறுபடி பாருங்கள். அது முன்னே நகர்ந்திருக்கும்.

படி 7: எறிதல்

முதலில் பாதுகாப்பு. முன்னால் 60 மீட்டர் ஆளில்லாத வெளி வேண்டும். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே யாரும் எடுக்கப் போகலாம். குத்தி நிற்கும் ஈட்டியின் வால் சரியாகக் கண் உயரத்தில் உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஓடிப்போய் எடுக்காதீர்கள், பக்கவாட்டில் நின்று பிடுங்குங்கள். இலக்குக்கு வைக்கோல் கட்டு போதும். விலங்கின்மேல் எறிவது வேண்டவே வேண்டாம்; எடுபடாத ஓர் எறி அந்த உயிருக்கு நாள்கணக்கில் வேதனை.

சமநிலைப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் பிடியுங்கள். தண்டு உள்ளங்கையின் குறுக்காகச் சாய்வாகப் படுத்திருக்க வேண்டும். கட்டைவிரலும் நடுவிரலும் இறுக்கமாக, மற்றவை தளர்வாக.

வலக்கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன். இடது தோள் இலக்கைப் பார்க்க நில்லுங்கள். வலக்கையை முழுதாகப் பின்னே நீட்டுங்கள், உள்ளங்கை வானம் பார்க்கட்டும். ஈட்டியின் முனை உங்கள் கண்புருவத்தின் அருகே இருக்கட்டும். இடதுகாலை முன்னே வைத்து அழுத்தி ஊன்றுங்கள், முழங்கால் மடியக்கூடாது. ஊன்றிய காலில் உடல் சட்டென்று நிற்கும்போது அந்த வேகம் மேலே ஏறும்: இடுப்பு திரும்பும், அடுத்து மார்பு, அடுத்து தோள், கடைசியில் முழங்கையும் மணிக்கட்டும். சாட்டை வீசும்போது கைப்பிடி நின்றபிறகுதானே நுனி சொடுக்கும்? அதே ஒழுங்கு.

தோளுக்கு இதில் தனிச்சிறப்பு உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கையைப் பின்னே கொண்டுபோகும்போது தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களும் தசைநார்களும் வில்நாண்போல் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. விடும்போது தோள் வினாடிக்கு 9,000 பாகை வரை சுழலும் வேகம் எடுக்கிறது. இந்த அமைப்பு முழுமையாக ஒன்றுசேர்ந்தது சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஹோமோ எரக்டஸ் என்ற பழைய மனித இனத்தின் காலத்தில். சிம்பன்சிகள் நம்மைவிடப் பலசாலிகள், ஆனால் அவற்றால் இப்படி எறிய முடியாது. ஆகவே புஜபலத்தால் எறியப் பார்க்காதீர்கள். கையைத் தளர்வாகப் பின்னே விட்டு, உடல் முன்னே போகட்டும். கை தானே இழுபட்டு வரும்.

ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம்: விசை தண்டின் வழியே போக வேண்டும். தண்டு ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, கை வேறு திசையில் இழுத்தால் ஈட்டி நடுங்கிக்கொண்டே போகும். முனை மேலே தூக்கி வயிறுபட விழுகிறதா? விடும்போது மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டிருக்கிறீர்கள். வலப்பக்கமே விலகிப்போகிறதா? முழங்கை தோளுக்குக் கீழே இறங்கி வெளியே போகிறது. காதை உரசும்படி உயர்த்தி வாருங்கள்.

குறிபார்ப்பதில் புவியீர்ப்பு பெரிய கணக்கு. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக எறிந்தால், 10 மீட்டர் தூரத்தை அரை வினாடியில் கடக்கும். அதற்குள் சுமார் 1.2 மீட்டர் இறங்கியிருக்கும். தலைக்குமேல் 1.9 மீட்டர் உயரத்தில் விட்டால் 70 செ.மீ. உயரத்தில் போய்ச் சேரும். நிற்கும் ஒரு பெரிய விலங்கின் உடல் அங்கேதான் இருக்கும். 20 மீட்டர் என்றால் முழு ஒரு வினாடி, இறக்கம் 4.9 மீட்டர். தூரம் இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்கு. அதற்கு மேல்நோக்கித்தான் எறிய வேண்டும், மானும் அந்த ஒரு வினாடி சும்மா நிற்காது. ஷோனிங்கன் ஈட்டியின் நகல்களை (760, 800 கிராம்) பயிற்சிபெற்ற ஈட்டி வீரர்களிடம் கொடுத்து 2019இல் நடத்திய சோதனையில் 20 மீட்டர் வரை இலக்கில் பட்டன. அது தேர்ந்த கைகளின் எல்லை. நீங்கள் 5 மீட்டரில் தொடங்குங்கள். பத்தில் எட்டு குத்தினால் இரண்டு மீட்டர் பின்னே வாருங்கள்.

படி 8: கையை நீளமாக்குதல்

கை எறிக்குப் பழகிய பிறகு இரண்டு கருவிகள் உண்டு.

ஒன்று தோல்வார். கிரேக்கர்களும் ரோமானியர்களும் சமநிலைப் புள்ளிக்கருகே மெல்லிய வாரைச் சுற்றி, நுனியில் ஒரு கண்ணி விட்டு, அதில் ஆள்காட்டி விரலையோ இரண்டு விரலையோ கோத்துக்கொண்டு எறிந்தார்கள். ஈட்டி கையை விட்டபின்னும் வார் ஒரு கணம் இழுத்துத் தள்ளும். சுற்றிய வார் பிரியும்போது ஈட்டி தன்னைத்தானே சுழலும். சுழலும் பொருள் திசை மாறாது. பத்துச் சுற்று எறிந்து பழகினால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். நியூ கலிடோனியாவில் வழக்கம் வேறு: கயிறு கையோடே தங்கிவிடும், ஈட்டி மட்டும் போகும்.

மற்றொன்று எறிகோல். அரை மீட்டர் நீளக் கோலின் நுனியில் ஒரு கொக்கி. ஈட்டியின் வாலில் ஒரு குழி. கோல் உங்கள் முன்கைக்கு இன்னொரு மூட்டு சேர்த்ததுபோல் ஆகிவிடும். பிரான்சின் கோம்ப் சோனியேரில் கிடைத்த மான்கொம்புக் கொக்கி, ஐரோப்பாவில் கிடைத்தவற்றில் மிகப் பழையது; பனியுகத்தின் உச்சத்தை ஒட்டியது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வூமெரா, அஸ்டெக் மக்களின் அட்லாட்ல் எல்லாம் இதே குடும்பம். வூமெரா சிலவற்றின் பிடியில் கூரிய கல்லைப் பிசினால் பதித்து உளியாகவும் பயன்படுத்தினார்கள்.

எச்சரிக்கை: கை ஈட்டியை எறிகோலில் மாட்டாதீர்கள். எறிகோலுக்கு வேண்டியது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமும் விரல் தடிமனும் உள்ள, நன்றாக வளைகிற மெல்லிய கோல். எடை 100, 150 கிராம். கோலின் நுனி வளைவான பாதையில் சுழல்கிறது, முனையோ நேராகப் போக வேண்டும். நடுத்தண்டு வளைந்துகொடுத்தால்தான் இரண்டும் ஒத்துப்போகும். விறைப்பான தண்டு கொக்கியிலிருந்து துள்ளிவிடும். இங்கேயும் விடை தண்டில்தான்.

போர்க்களத்தில் என்ன மாறியது

மிருகம் கேடயம் பிடிக்காது, வரிசையாக நிற்காது, உங்கள் ஈட்டியை எடுத்துத் திருப்பி எறியாது. போரில் இந்த மூன்றும் நடக்கும். அதனால் வடிவமைப்பு வேறு திசையில் போயிற்று.

வரிசை முதலில் வந்தது. சுமேரிய நகரமான லகாஷின் அரசன் எயன்னாதும் நாட்டிய கழுகுக் கல்வெட்டில், கி.மு. 2450 வாக்கில், கேடயச் சுவருக்கு நடுவே நீளும் ஈட்டிகளைப் பார்க்கலாம். கிரேக்கக் காலாள் வீரரின் டோரு என்ற குத்தீட்டி சுமார் இரண்டரை மீட்டர். அதன் வாலில் வெண்கலப் பூண்முள் இருந்தது. தரையில் ஊன்ற, முனை முறிந்தால் மறுமுனையால் குத்த என்று அதற்குப் பல உபயோகம். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் எடை. எறியீட்டியில் முன்னே தள்ளிய பாரத்தை இங்கே பின்னே இழுத்திருக்கிறார்கள். சமநிலை பின்னே போனால் கையும் பின்னே பிடிக்கலாம். முன்னால் நீளும் பகுதி கூடும். மசிடோனியாவின் இரண்டாம் பிலிப்பின் படை பிடித்த சரிசா என்ற நெடிய ஈட்டி இதையே எல்லைவரை கொண்டுபோனது: மிக நீளமானது 12 முழம், சுமார் ஐந்தரை மீட்டர். இரண்டு கையும் வேண்டும். முதல் ஐந்து வரிசையின் முனைகளும் முன்வரிசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். திரும்பத்தான் முடியாது. கி.மு. 168இல் பிட்னா போரில் கரடுமுரடான தரையில் வரிசை பிளந்தபோது ரோமானியர்கள் இடைவெளிகளில் புகுந்துவிட்டார்கள்.

எறியீட்டிக்காரர்களின் வெற்றி கிரேக்கத் துறைமுகமான லெகேயமில், கி.மு. 390ஐ ஒட்டி. ஏதென்ஸின் இபிக்ரடீஸ் தலைமையில் இலேசான எறியீட்டி வீரர்கள் சுமார் 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டாப் படைப்பிரிவைச் சூழ்ந்தார்கள். நெருங்கி எறிவார்கள், கனத்த கவசக்காரர்கள் துரத்தினால் ஓடுவார்கள், திரும்பினால் மறுபடி எறிவார்கள். சுமார் 250 ஸ்பார்ட்டா வீரர்கள் மாண்டார்கள்.

ரோமானியரின் பிலும் என்ற எறியீட்டி எல்லாவற்றிலும் விசித்திரமானது. இரண்டு மீட்டர் அளவு நீளம். அதில் முன்பகுதி அரை மீட்டருக்கு மேல் மெல்லிய இரும்புக் கம்பி, நுனியில் சிறு பிரமிடு முனை. பின்னால் கனத்த மரம். முனை கேடயத்தில் போட்ட ஓட்டை கம்பியைவிடப் பெரிது. எனவே கம்பி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கேடயத்துக்குப் பின்னால் நிற்பவரை எட்டும். எட்டாவிட்டாலும் கேடயத்தில் மாட்டிக்கொண்டு தொங்கும். கி.மு. 58இல் பிப்ரக்டே போரில் ஒரே எறியில் ஒன்றுக்கு மேற்பட்ட கேடயங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டு, கம்பி வளைந்து, பிடுங்கவும் முடியாமல், ரோமானியரை எதிர்த்த ஹெல்வெடியர் இனத்தவர் கேடயத்தையே வீசிவிட்டுப் போரிட்டார்கள். ரோமானியத் தளபதி மாரியஸ் இன்னொரு படி மேலே போனார். கம்பியைத் தண்டோடு பிணைக்கும் இரண்டு இரும்பாணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு மரமுளை அடிக்கச் செய்தார் என்கிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். பட்டவுடன் முளை முறியும். தண்டு மடங்கித் தரையில் இழுபடும். எதிரியால் திருப்பி எறியவும் முடியாது. உடைய வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்து உடையவைத்த வடிவமைப்பு இது.

டென்மார்க்கின் ஹியோர்ட்ஸ்பிரிங் சதுப்பில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆயுதங்களோடு அமிழ்த்தப்பட்ட ஒரு போர்ப்படகு கிடைத்தது. அதில் 138 இரும்பு ஈட்டிமுனைகள். அவற்றோடு எலும்பாலும் கொம்பாலும் செய்த முனைகள் 31. இரும்பைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு நடுவே, எலும்புமுனை பூட்டிய ஈட்டிகளும் போருக்குப் போகத் தகுந்தவையாக இருந்திருக்கின்றன.